அலர்ஜி மாத்திரையை வயதுக்கேற்ப உடைத்துக் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வி இது: உங்களுக்கு எழுதிக் கொடுத்த செட்ரிசின் 10 மி.கி. மாத்திரை வீட்டில் இருக்கிறது. இப்போது நான்கு வயது மகளுக்கும் எழுபத்தெட்டு வயது அப்பாவுக்கும் தும்மல், மூக்கு ஒழுகல். மகளுக்குப் பாதி, அப்பாவுக்கு முழு மாத்திரை கொடுத்தால் சரியா?

நான் டாக்டர் இல்லை. இருபது வருடமாகத் தூசி அலர்ஜியோடு குடித்தனம் நடத்துகிறவன். அதோடு, வீட்டில் ஒருமுறை சூடு பட்டவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மகள் கணக்கில் நீங்கள் சரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். அப்பா கணக்குதான் இடிக்கிறது.

முதலில் மகள். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை செட்ரிசின் நாளுக்கு 2.5 மி.கி.யில் தொடங்கும், போதாவிட்டால் ஒரு நாளுக்கு மொத்தம் 5 மி.கி. வரை போகலாம். நீங்கள் சொல்லும் பாதி மாத்திரை, அந்த வயதுக்கு ஒரு நாளின் உச்ச அளவு. தவறென்று சொல்ல முடியாது, ஆனால் எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போக வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்த 5 மி.கி.யைக் காலையில் 2.5, இரவில் 2.5 என்று பிரித்துத்தான் கொடுப்பார்கள். காரணம் சுவாரஸ்யமானது. நம் உடம்பில் செட்ரிசின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகிறது. சின்னக் குழந்தைகளிடம் 5 மணி நேரத்திலேயே குறைந்துவிடுகிறது. உருவம்தான் சிறிசு, மருந்தை வெளியே தள்ளுவதில் நம்மைவிட வேகம்.

எனவே மகளுக்குச் சிரப் வாங்கிவிடுங்கள். செட்ரிசின் சிரப் பெரும்பாலும் 5 மி.லி.யில் 5 மி.கி. இருக்கும், அதாவது 2.5 மி.கி.க்கு 2.5 மி.லி. ஆனால் பாட்டிலில் போட்டிருப்பதைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். இதே மருந்து சொட்டு மருந்தாகவும் வருகிறது. அதில் 1 மி.லி.யிலேயே 10 மி.கி. இருக்கக்கூடும். சிரப் என்று நினைத்து அதில் 2.5 மி.லி. கொடுத்தால் பத்து மடங்கு போய்விடும். ஆகவே 'எத்தனை மி.லி.' என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது ஆபத்து. மி.கி.தான் கணக்கு. அளப்பதற்குச் சமையலறைக் கரண்டி வேண்டாம், அது வீட்டுக்கு வீடு மாறும். ஊசியில்லாத சிரிஞ்சோ, பாட்டிலோடு வரும் அளவு மூடியோ போதும்.

இன்னொரு குழப்பம் லெவோசெட்ரிசின். பெயர் ஒன்று போலவே இருக்கும், அளவு வேறு. அது செட்ரிசினின் வேலை செய்யும் பாதி மட்டும். அதனால் லெவோசெட்ரிசின் 5 மி.கி., செட்ரிசின் 10 மி.கி.க்குச் சமம். பெரியவர்களுக்கு 5 மி.கி., ஆறு முதல் பதினொரு வயது வரை 2.5 மி.கி., அதற்கும் கீழே 1.25 மி.கி. செட்ரிசின் கணக்கை அப்படியே இங்கே போட்டால் இரட்டிப்பாகிவிடும். இன்னொரு அலர்ஜி மருந்தான லோராடடின் என்றால் இரண்டு முதல் ஐந்து வயது வரை 5 மி.கி., அதற்கு மேல் 10 மி.கி., நாளுக்கு ஒரே வேளை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எதையுமே நீங்களாகத் தொடங்க வேண்டாம். டாக்டர் பார்த்துச் சில சமயம் எழுதிக் கொடுப்பார், அது வேறு. புரோமெத்தசின் என்ற பழைய அலர்ஜி மருந்து மட்டும் அந்த வயதில் கூடவே கூடாது, மூச்சே அடங்கிப்போய் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

சரி, அப்பாவுக்கு வருவோம். செட்ரிசினில் பெரும்பகுதி உடைபடாமல் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. வயதானால் சிறுநீரகம் மெதுவாகும், மருந்து உடம்பில் நெடுநேரம் தங்கும். நேற்றுப் போட்டது முழுதாகக் கழியும் முன்பே இன்றைய மாத்திரை உள்ளே போகும். பகலெல்லாம் தூக்கக் கலக்கம், எழுந்து நடக்கும்போது தள்ளாட்டம், இடறி விழுந்தால் இடுப்பெலும்பு. சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்களுக்கு வழக்கமாக 5 மி.கி.யாகக் குறைப்பார்கள், அது மோசமாக இருந்தால் இன்னும் குறையும். அமெரிக்காவின் சில செட்ரிசின் லேபிள்களில் 77 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 5 மி.கி. என்றே அளவு இருக்கிறது.

நான் சூடு பட்டது வேறு மருந்தில். அப்பாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது, ப்ராஸ்டேட் வீக்கம் ஏற்கெனவே உண்டு. சளிக்கு என்று ஒரு கலவை மாத்திரையை நானேதான் கொடுத்தேன், காலை ஒன்று, மதியம் ஒன்று. சாயங்காலத்துக்குள் சிறுநீர் சுத்தமாக அடைத்துவிட்டது. வயிறு கல் மாதிரி. இரவு அவசர சிகிச்சைப் பிரிவில் குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டது "இன்னிக்கு புதுசா என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்றுதான். அட்டையை எடுத்துக் காட்டினேன். குளோர்பெனிரமின் இருந்தது. நான் அதுவரை அந்த அட்டையின் பின்பக்கத்தைப் படித்ததே இல்லை.

குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், ஹைட்ராக்ஸிசின் எல்லாம் பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள். இவை மூளைக்குள்ளும் நுழைகின்றன, அதனால்தான் அத்தனை தூக்கம். அதற்கும் மேல், நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையையும் தடுக்கின்றன. வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, முதியவர்களுக்கு மனக்குழப்பம் எல்லாம் அங்கிருந்து வருபவை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல், முதியவர்களுக்கு இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. குழந்தைகளிடம் சில சமயம் நேர்மாறாக நடக்கும்: தூங்காமல் துள்ளிக்கொண்டே இருக்கும். 'நல்லா தூங்கட்டும்' என்று இதைக் குழந்தைக்குக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

நடுத்தர வயதுக்காரருக்கு அளவில் பெரிய சிக்கல் இல்லை. செட்ரிசின் 10 மி.கி. நாளுக்கு ஒன்று, அவ்வளவுதான். குளோர்பெனிரமின் என்றால் 4 மி.கி., நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு 24 மி.கி.யைத் தாண்டாமல், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. தூக்கமே ஆகாது என்றால் ஃபெக்ஸோஃபெனடின் 120 அல்லது 180 மி.கி. நல்லது, ஆனால் தண்ணீரோடு மட்டும். பழச்சாறோடு விழுங்கினால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. நான் பல மாதம் ஆரஞ்சு ஜூஸோடு விழுங்கிவிட்டு 'இது வேலையே செய்யலை' என்று புலம்பியிருக்கிறேன்.

வேலை செய்யவில்லை என்பதற்காக ஒன்றின் மேல் இன்னொன்றைப் போடாதீர்கள். சளி சிரப், இருமல் சிரப், தூக்க மாத்திரை என்று பலவற்றில் அலர்ஜி மருந்து ஒளிந்திருக்கும், தெரியாமலே இரண்டு மடங்காகிவிடும். நாள்பட்ட தடிப்புக்குச் சரும மருத்துவர்கள் புதிய தலைமுறை மாத்திரைகளை நான்கு மடங்கு வரைகூடக் கொடுப்பதுண்டு. அது அவர்கள் கண்காணிப்பில் நடப்பது, அதைப் பார்த்து நாமாக முயலக் கூடாது. மாதக்கணக்கில் தினமும் செட்ரிசினோ லெவோசெட்ரிசினோ போட்டவர்கள் திடீரென நிறுத்தும்போது, அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான அரிப்பு வருகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025-இல் எச்சரித்தது. நீண்ட நாள் போட்டவர் என்றால் நிறுத்தும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், உதடும் நாக்கும் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அங்கே தேவை அட்ரினலின் ஊசி, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அலர்ஜி மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அப்பாவின் கடைசி கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், அவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சிறுநீர் போவதில் சிரமம் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், அப்பாக்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் 5 மி.கி. என்பார். அந்த மாத்திரையை உடைக்க வேண்டி வந்தால் அது அப்பாவுக்காகத்தான் இருக்கும்.