இரண்டாவது பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஒரு சின்ன நிதித் திட்டமிடல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மொத்தம் ஐந்து பேர். ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்று போகும். முதல் பக்கத்தில் சந்தை, வட்டி விகிதம், ஆண்டு முடிவதற்குள் பார்க்க வேண்டிய கணக்குகள். இரண்டாவது பக்கம் எங்களைப் பற்றி. இந்த முறை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஓர் ஆலோசகருக்குக் குழந்தை பிறந்து ஆறு மாத விடுப்பில் இருக்கிறார். ரிசப்ஷனில் இருக்கும் அம்மா இந்தக் குளிர்காலத்தோடு ஓய்வு பெறுகிறார். நான் திட்டமிடல் சான்றிதழுக்கான தேர்வில் தேறியிருக்கிறேன். அலுவலகத்தைத் தொடங்கிய எங்கள் சாருக்கு இதய சிகிச்சை நடந்து, இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார். சார், “அவர்கள் தங்கள் பணத்தைப் பற்றிக் கேட்க வருகிறார்கள், நம் வீட்டுக் கதையைக் கேட்க இல்லை” என்று இரண்டாவது பக்கமே வேண்டாம் என்கிறார். இன்னொருவர் நல்ல செய்தியை மட்டும் போடு என்கிறார். ஆனால் போன வருடக் கடிதத்துக்கு வந்த போன்கள் எல்லாம் இரண்டாவது பக்கத்தைப் பற்றித்தான், முதல் பக்கத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. நான் என்ன எழுதட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் தேர்வுக்கு வாழ்த்துகள். நான்கு செய்திகளில் உங்களுடையதை மூன்றாவதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படித்துத் தேறுவது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது பக்கம் கட்டாயம் வேண்டும். நான் இதில் உறுதியாக இருப்பதற்கு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுதான் காரணம். அப்பா இறந்த மூன்றாவது வாரம், அவர் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்த ஆலோசகரின் அலுவலகத்துக்கு அம்மா போன் செய்தார். அப்பாவின் டைரியில் இருந்த ஒரே பெயர் அந்த ஆலோசகருடையது. எடுத்தவர், அவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது என்றார். எட்டு மாதமாக எங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. சந்தை நிலவரம் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்துகொண்டிருந்தது, வண்ணப் படங்களோடு. அம்மா போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பணம் எதுவும் போய்விடவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாளில் அவருக்குத் தேவைப்பட்டது தெரிந்த ஒரு குரல், அது இல்லை. அந்தத் தகவல் உங்கள் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் வரவேண்டிய தகவல் தம்பி. யார் வந்தார், யார் போனார், இனி யாரைக் கூப்பிடலாம். உங்கள் சார் அதை வீட்டுக் கதை என்கிறார், எனக்கு அது அலுவலகக் கதையாகவே படுகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மொடிக்லியானி, பிரம்பெர்க் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். சம்பாதிக்கிற காலத்தில் சேர்த்து சம்பாதிக்காத காலத்தில் செலவு செய்கிறோம், மனிதர்களின் சேமிப்பை ஒரு முழு ஆயுளின் நீளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று 1954இல் எழுதினார்கள். இன்று நிதித் திட்டம் என்று யார் போட்டாலும் அடியில் இருப்பது அந்த ஆயுள் கோடுதான். உங்கள் அலுவலகத்தை அந்தக் கோட்டில் வைத்துப் பாருங்கள். நீங்கள் தொடக்கத்தில் நிற்கிறீர்கள். விடுப்பில் இருப்பவர், செலவு கூடி வருமானம் தடுமாறும் இடத்தில். ரிசப்ஷன் அம்மா, சேர்ப்பது நின்று எடுப்பது தொடங்கும் இடத்தில். உங்கள் சார் நிற்கிற இடத்தை அந்தக் கோடு காட்டுவதே இல்லை, நடுவில் உடம்பு நின்றுவிடுகிற இடம் அது. மொடிக்லியானிக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது, பிரம்பெர்க் அந்தக் கட்டுரை வந்த கொஞ்ச காலத்திலேயே இளம் வயதில் இறந்துபோனார். முழு ஆயுளுக்கும் கணக்குப் போட்ட இருவரில் ஒருவருக்கு முழு ஆயுள் கிடைக்கவில்லை. இதை எப்போது நினைத்தாலும் மனம் கனத்துப்போகிறது.

நல்ல செய்தியை மட்டும் போடு என்ற நண்பரின் யோசனையை நான் ஏற்காததும் இதனால்தான். நோய் வரும், வேலை போகும், திடீரென்று ஒருவர் இல்லாமல் போவார், அதற்கெல்லாம் தயாராக இருங்கள் என்று வருடம் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்கிற ஓர் அலுவலகம், தன்னைப் பற்றி எழுதும்போது மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகாத மாதிரி எழுதினால் படிக்கிறவர் எதை நம்புவார்?

அதற்காக எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். நான் வைத்துக்கொள்கிற அளவுகோல் இது: ஒருவரின் வாழ்க்கைச் செய்தி அவருக்குச் சொந்தம், அதனால் வாடிக்கையாளருக்கு என்ன மாறுகிறது என்பது வாடிக்கையாளருக்குச் சொந்தம். முதலாவதை அவர் விரும்பினால் மட்டும் எழுதுங்கள், இரண்டாவதை அவர் விரும்பாவிட்டாலும் எழுதியே ஆக வேண்டும்.

சார் விஷயத்தில் இதுதான் சிக்கல், இல்லையா? சிகிச்சை என்ற சொல்லை அவர் போட வேண்டாம் என்றால் போட வேண்டாம், அது அவர் உடம்பு. ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான் இருப்பார், மற்ற நாட்களில் யார் பேசுவார்கள், அவருடைய கோப்புகளை இன்னொருவரும் படித்து வைத்திருக்கிறாரா, நாளை அவர் வரவே முடியாமல் போனால் அலுவலகத்தை யார் எடுத்து நடத்துவார் என்று எழுத்தில் ஏற்பாடு இருக்கிறதா, இதெல்லாம் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும். அப்படி ஓர் ஏற்பாடு இன்னும் எழுத்தில் இல்லையென்றால், கடிதத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் அதை எழுதி முடிக்கச் சொல்லுங்கள். சின்ன அலுவலகங்களில் இது நடக்காமலே போய்விடுகிறது. நாளெல்லாம் அடுத்தவர் உயிலைப் பற்றிப் பேசுகிறவருக்குத் தன் உயிலை எழுத மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

கூடவே, பணம் எங்கே இருக்கிறது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சாருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்படுகிற ஒருவருக்கு முதலில் வருகிற பயம் “என் பணம்?” என்பதுதான், அதைக் கேட்கக் கூச்சப்பட்டு உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்வார். முதலீடுகள் எங்கள் அலுவலகத்தில் இல்லை, முதலீடுகளைப் பாதுகாத்து வைக்கும் இன்ன காப்பு நிறுவனத்தில் உங்கள் பெயரில் இருக்கின்றன, கணக்கு அறிக்கை அவர்களிடமிருந்து நேராக உங்களுக்கு வரும், எங்களில் யாருக்கு என்ன ஆனாலும் அது அப்படியே இருக்கும். உங்கள் அலுவலகத்தில் நிலைமை இதுதான் என்றால் இப்படியே எழுதலாம். அமெரிக்காவில் பெரிய முதலீட்டு மோசடி செய்த பெர்னார்ட் மேடாஃப் 2008 டிசம்பரில் கைதானபோது ஏமாந்தவர்கள் நம்பியிருந்தது அவருடைய அலுவலகமே அச்சடித்து அனுப்பிய அறிக்கைகளை. பணத்தை வைத்திருக்கவும் கணக்கு சொல்லவும் தனியாக வேறொருவர் இல்லை. அதிலிருந்து இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகியவர்கள் நிறையப் பேர். நீங்கள் கேட்காமலே பதில் சொல்லிவிட்டால் அவர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

குழந்தை பிறந்தவருடைய பத்தியை அவரையே எழுதச் சொல்ல முடியுமா? எத்தனையோ குடும்பங்களுக்குக் காப்பீடும் அவசர நிதியும் பற்றிப் பேசியவர், இப்போது தன் வீட்டில் அதை எப்படிச் செய்தார் என்று ஐந்தாறு வரி. ஆயுள் காப்பீட்டைக் கூட்டினாரா, நாமினி பெயரை மாற்றினாரா, தானும் துணைவரும் இல்லாமல் போனால் குழந்தையை யார் வளர்ப்பார்கள் என்று முடிவு செய்தார்களா, விடுப்புக் காலத்துக்கு எத்தனை மாதச் செலவை எடுத்து வைத்தார்கள். கடைசியில் அது போதவில்லை என்றால் போதவில்லை என்றே எழுதட்டும், அது ஒரு பக்கம் நிறைய அறிவுரை சொல்வதைவிட ஆழமாகப் போய்ச் சேரும். விருப்பம் இல்லை, எழுத நேரம் இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், கைக்குழந்தையோடு இருப்பவர். ஒன்று மட்டும் கவனம்: குழந்தையின் முழுப் பெயரும் பிறந்த தேதியும் கடிதத்தில் வேண்டாம். அடையாளத் திருட்டுக்கு அந்த இரண்டும் நல்ல தொடக்கம், அதுவும் ஒரு நிதி அலுவலகமே அதை அச்சடித்துக் கொடுக்கக் கூடாது.

ஊழியர் மாற்றத்தைப் பேசாமல் விடுவதில் இருக்கிற ஆபத்தும் இந்த வகைதான். ரிசப்ஷன் அம்மா போனதும் வேறொரு குரல் போனை எடுக்கும், வேறொரு பெயரில் மின்னஞ்சல் வரும். “நான் அந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கிறேன், உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்” என்று ஒரு மோசடிக்காரன் கூப்பிட்டால், பழையவர் போனது தெரியாத வாடிக்கையாளர் எதை வைத்து மறுப்பார்? புதியவர் யார், எந்த நாளிலிருந்து, எந்த எண்ணிலிருந்து பேசுவார் என்று எழுதுங்கள். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ நாங்கள் கேட்க மாட்டோம், வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் வந்தால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள் என்ற வரியும் அதே பத்தியில் வரட்டும். இது இரண்டாவது பக்கத்தில் இருந்தால்தான் படிப்பார்கள்.

முதல் பக்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்று வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020இல் அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்டு பி 500 குறியீடு பிப்ரவரி 19க்கும் மார்ச் 23க்கும் நடுவில் சுமார் 34 சதவிகிதம் விழுந்தது, ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. நடுவில் விற்றுவிட்டு வெளியேறியவர்களுக்கு நஷ்டம் நஷ்டமாகவே நின்றது. அந்த ஐந்து வாரங்களில் விற்காமல் இருந்தவர்களைக் கேளுங்கள், நல்ல வரைபடம் ஒன்றைப் பார்த்ததால் விற்கவில்லை என்று சொல்பவர் குறைவாகத்தான் இருப்பார்கள், யாரோ ஒருவரைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார்கள். இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இலேயே எழுதிவிட்டார்கள். அந்த வலியில் இருக்கிறவர் முன்பின் தெரியாத எண்ணைக் கூப்பிட மாட்டார். போன குளிர்காலத்தில் உங்களுக்குத் தேர்வு இருந்தது என்று படித்திருந்தால், “தம்பி, தேறிவிட்டீர்களா?” என்று கேட்டுவிட்டு அப்புறம் தன் பயத்தைச் சொல்வார்.

உங்கள் தேர்வைப் பற்றி இரண்டு வரி போதும், ஆனால் இரண்டு வரியும் இருக்கட்டும். இந்தத் தொழிலில் சான்றிதழ் என்பதே புதிது. 1969 டிசம்பரில் சிகாகோவில் 13 பேர் கூடி இதைத் தனித் தொழிலாக்குவது பற்றிப் பேசியதிலிருந்து தொடங்கி, 1973இல் முதல் வகுப்பில் 42 பேர் தேறினார்கள். அதற்கு முன்னால் காப்பீட்டை விற்பவர் காப்பீட்டைச் சொன்னார், பங்கை விற்பவர் பங்கைச் சொன்னார், ஒரு மனிதரின் வாழ்க்கையை முழுசாக எடுத்துப் பார்ப்பதற்கென்று தனிப் படிப்பு கிடையாது. அந்த வரிசையில் இப்போது நீங்களும் இருக்கிறீர்கள். இனி யாருடைய கோப்புகளை நீங்கள் பார்ப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாக ரிசப்ஷன் அம்மா. ஓய்வுக்காலத்தில் வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்விக்கு 1994இல் வில்லியம் பெங்கன் என்ற ஆலோசகர் பழைய அமெரிக்கச் சந்தைக் கணக்குகளைப் போட்டுப் பார்த்து, முதல் வருடம் சேமிப்பில் 4 சதவிகிதம், பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால் முப்பது வருடம் தாங்கும் என்று சொன்னார். வாடிக்கையாளர்களுக்கு ஓய்வு என்றால் அந்த எண்ணை வைத்துப் பேச்சைத் தொடங்குவீர்கள். அந்த அம்மாவின் ஓய்வை ஒரு வரி நன்றியோடு முடித்துவிடாதீர்கள். கணவரை இழந்த வாரத்தில் கூப்பிட்டவர்களின் குரலை முதலில் கேட்டவர் அவர்தான், ஆலோசகருக்கு இணைப்பைக் கொடுப்பதற்கு முன்னால் அரை நிமிடம் அவர் என்ன சொன்னார் என்பது அந்தக் குடும்பங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் அம்மாவுக்குக் கிடைக்காதது அது. சார் சம்மதித்தால் அந்தப் பக்கத்தின் முதல் பத்தியை ரிசப்ஷன் அம்மாவுக்கே கொடுங்கள், அவர் எழுதிய மாதிரியே, திருத்தாமல். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது, அவர் அங்கே எத்தனை வருடம் இருந்தார் என்று மட்டும் இல்லை. அதைக் கேட்டு எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா