பையன் நேவி ட்ரெயினிங்ல இருக்கான், அவன் சம்பளத்தை நம்பி பிளாட் புக் பண்ணலாமா?

கேள்வி: வணக்கம் சார், நாங்க சிவகாசி. வீட்டுக்காரர் ஆஃப்செட் பிரஸ்ல வேலை பாக்குறார், மாசம் 16,000 வரும். எங்க பையன் நேவில அக்னிவீர் எஸ்எஸ்ஆர்ங்கிற மாலுமி வேலைக்கு செலக்ட் ஆகி போன மாசம் ஒடிசாவுல சில்காவுக்கு ட்ரெயினிங் போயிருக்கான். கோச்சிங், போக்குவரத்து, பெட்டி சாமான்னு எல்லாத்துக்கும் சேத்து நகைய அடகு கடைல வச்சு 1,40,000 வாங்கினோம், ரெண்டு வட்டி. மாசம் 21,000 கைக்கு வரும், நாலு வருஷம் முடிஞ்சா 11 லட்சத்துக்கு மேல தருவாங்கன்னு சொல்றாங்க. என் தம்பி, கவர்மென்ட் வேலை தானக்கா, ஒரு பிளாட் புக் பண்ணிடு, மாசம் 12,000 வீதம் ஏழு வருஷம் கட்டினா போதும்ங்கிறான். பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. பையனோட ஏடிஎம் கார்டு, சிம்மு ரெண்டும் எங்ககிட்ட தான் இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவ பேசுறான், போன வாரம் "முடியலம்மா, வந்துரவா"ன்னு அழுதான். எனக்கு தூக்கமே இல்ல. என்ன பண்றதுன்னு சொல்லுங்க சார்.

பதில்: அம்மா, மொதல்ல பிளாட்ட முடிச்சிருவோம், ஏன்னா அதுதான் அவசரம். வேண்டாம். ஏழு வருஷம்னா 84 மாசம். உங்க பையன் வேலை 48 மாசம், அதுலயும் ஒரு மாசம் போயாச்சு. மிச்சம் முப்பத்தாறு முப்பத்தேழு தவணைய யாரு கட்டுவா, உங்க தம்பியா? கவர்மென்ட் வேலைங்கிறது சரிதான், ஆனா 2022 ஜூன்ல வந்த அக்னிபத் திட்டத்துல சேந்த பசங்களுக்கு அது நாலு வருஷ வேலை, பென்ஷன் கிடையாது, கிராஜுட்டி கிடையாது, டிஏ கிடையாது, பிஎஃப் பிடித்தமும் கிடையாது. முன்னாடி நேவில சேந்த மாமா சித்தப்பா கதைய வச்சு இந்த வேலைய கணக்கு போடுறதுதான் இப்போ நிறைய வீட்ல நடக்குற தப்பு. உங்க தம்பி நல்லெண்ணத்துல தான் சொல்றார், அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா அவர் மனசுல இருக்கிறது பழைய நேவி.

இப்போ சம்பளத்த பாப்போம். முதல் வருஷம் மாசம் 30,000, அதுல 9,000 சேவா நிதிங்கிற சேமிப்பு நிதிக்கு பிடிச்சுட்டு 21,000 கைக்கு வருது, நீங்க சொன்ன அதே தொகை. ரெண்டாவது வருஷம் 33,000, கைக்கு 23,100. மூணாவது வருஷம் 36,500, கைக்கு 25,550. நாலாவது வருஷம் 40,000, கைக்கு 28,000. பிடிக்கிறது ஒவ்வொரு வருஷமும் 30 சதவீதம், நாலு வருஷமும் கூட்டினா 5,02,200 ரூபாய் அவன் சொந்த காசு. அதே அளவு அரசாங்கமும் போடும், ரெண்டுக்கும் வட்டி சேரும், அப்படித்தான் திட்டத்த அறிவிச்சப்போ 11.71 லட்சம்னு சொன்னாங்க. அதுக்கு வருமான வரி இல்லங்கிறதும் உண்மைதான்.

ஆனா இங்க ஒரு விஷயத்த பெரும்பாலானவங்க படிக்கிறதே இல்ல. அந்த முழு தொகை நாலு வருஷம் முடிஞ்சு வெளிய வர்ற பையனுக்கு தான். நல்லா வேலை பாத்து, அதிகபட்சம் 25 சதவீதம் பேர எடுப்பாங்க இல்லையா, அந்த ரெகுலர் கேடர்ல, அதாவது நிரந்தர வேலைல, அவன் பேர் வந்துச்சுன்னா சேவா நிதில அவனோட சொந்த பங்கும் அதுக்கான வட்டியும் மட்டும் தான் கைக்கு வரும், அரசாங்க பங்கு வராது. அது நல்ல சேதி தான், இன்னும் குறைஞ்சது பதினஞ்சு வருஷம் வேலை இருக்கே. ஆனா "11 லட்சம் வரும், அதுல பொண்ணு கல்யாணம்"னு இப்பவே யாருக்காவது வாக்கு கொடுத்திருந்தா அங்க உதைக்கும். வேலை நிரந்தரமானா பணம் பாதி தான், பணம் முழுசா வந்தா வேலை இல்ல, ரெண்டுல எதுன்னு இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாது. அதனால அந்த காச உங்க வீட்டு கணக்குல எழுதவே எழுதாதீங்க. ஒருவேளை முழுசா வந்தா, 22, 23 வயசுல வேலை இல்லாம ஊருக்கு வர்ற பையன் அடுத்து என்ன பண்றதுன்னு முடிவு பண்ற வரைக்கும் அவன் சோத்துக்கும் படிப்புக்கும் அதுதான் இருக்கு.

அவன் அழுததுக்கு வர்றேன். இதுவும் ஒரு வகைல பண விஷயம் தான், அதான் சொல்றேன். நடுவுல சொந்த விருப்பத்துல விலகுறதுக்கு சாதாரணமா அனுமதி இல்ல, ரொம்ப விசேஷ காரணம் இருந்தா தான், அப்படி வந்தாலும் அவன் பிடித்தம் கொடுத்த காசும் வட்டியும் மட்டும் தான் திரும்ப வரும். அதனால போன்ல பதறிப்போய் "வந்துருடா"ன்னு நீங்க சொல்லிடாதீங்க. அதுக்காக அவன் சொல்றத காதுல வாங்காம விடவும் வேண்டாம். காலைல இருட்டோட எந்திரிக்கிறது, ஓட்டம், பரேடு, நீச்சல், புது பாஷை, இதெல்லாம் முதல் சில வாரம் எல்லா பையனுக்கும் பாரம் தான். அவனுக்கு மேல டிவிஷனல் ஆஃபீசர்னு ஒருத்தர் இருப்பார், பசங்களோட சொந்த கஷ்டத்த கேக்குறதும் அவர் பொறுப்பு தான். கால் வலி, காய்ச்சல், தூக்கம் வரலன்னு எது இருந்தாலும் மறைக்காம அவர்கிட்ட சொல்ல சொல்லுங்க. வாரத்துல கிடைக்கிற அந்த பத்து நிமிஷத்துல வட்டிக்காரர் வந்து நின்னது, மாமா பிளாட் பாத்தது, இதெல்லாம் அவன்கிட்ட பேசாதீங்க அம்மா. தங்கச்சி என்ன பண்றா, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டுச்சா, அது போதும்.

நகைக்கு வருவோம். ரெண்டு வட்டின்னா நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். 1,40,000க்கு மாசம் 2,800 வட்டி மட்டும் போகுது, அசல் அப்படியே நிக்குது. அதே நகைய பேங்க்லயோ கூட்டுறவு சங்கத்துலயோ வச்சா ஒன்பது ஒன்பதரை சதவீதம் சுத்தி வரும், மாசம் 1,100 கிட்ட. வித்தியாசம் 1,700 ரூபாய், உங்க பொண்ணோட டியூஷன் ஃபீஸ் அதுலயே வந்துரும். திருப்பி வைக்க கையில காசு வேணுமேன்னு யோசிப்பீங்க. சில பேங்க்ல அவங்க ஆளே கடைக்கு கூட வந்து பணத்த கட்டி நகைய மீட்டு அங்கேயே வச்சுக்குவாங்க, கேட்டு பாருங்க. இல்லன்னா சொந்தத்துல யார்கிட்டயாவது ஒரே ஒரு நாளைக்கு கைமாத்து. பிளாட்டுக்கு அலையுற உங்க தம்பிகிட்டயே கேளுங்களேன், அக்காவுக்கு உதவுன மாதிரியும் இருக்கும். (இந்த கோச்சிங் கடன் பத்தி ஒரு வார்த்தை, உங்க பக்கத்து வீட்ல அடுத்து யாராவது கேட்டா சொல்லுங்க, நேவி பரீட்சை ஃபீஸ் 550 ரூபாயும் ஜிஎஸ்டியும் தான், மத்தது எல்லாம் நாமளா சேத்துக்கிற செலவு.)

சரி, 21,000த்த எப்படி பிரிக்கிறது. என்னய கேட்டா 8,000 நகைக்கு, 5,000 அவன் பேர்ல பேங்க் ஆர்டி, 5,000 அவன் கணக்குலயே தொடாம, 3,000 வீட்டுக்கு. நகைக்கு மாசாமாசம் இப்படி கட்டினா ஒன்றரை வருஷம் தாண்டி ஒரு மாசம் ரெண்டு மாசத்துல மீண்டுரும், பேங்க்ல நகைக்கடனுக்கு அப்பப்போ பகுதி பகுதியா கட்டலாம், வருஷம் முடியட்டும்னு காத்திருக்க வேண்டாம். நகை வீட்டுக்கு வந்த மறுமாசம் அந்த 8,000ஐயும் ஆர்டிக்கு திருப்பி விடுங்க. நாலு வருஷ முடிவுல நாலரை லட்சத்துக்கு மேல நிக்கும், சம்பள உயர்வ நான் சேக்கவே இல்ல. போஸ்ட் ஆஃபீஸ் ஆர்டி அஞ்சு வருஷ கணக்கு, மூணு வருஷத்துக்கு மேல நடுவுல எடுத்தா சேவிங்ஸ் வட்டி தான் தருவாங்க, அதனால அவனோட நாலு வருஷத்துக்குள்ள முடியுற மாதிரி பேங்க்ல போடுறது நல்லது. சீட்டு வேண்டாம். நீங்க கேக்கல, ஆனா சிவகாசின்னு படிச்சதும் சொல்லணும்னு தோணுச்சு.

அவனுக்கு ஏன் 5,000னு கேக்கலாம், சாப்பாடு, யூனிஃபார்ம் எல்லாம் அவங்களே தர்றாங்களேன்னு. ட்ரெயினிங்ல செலவு ஆகாது தான், சோப்பு, பிரஷ், முடி வெட்டு, அவ்வளவுதான். ஆனா சில்கா முடிஞ்சதும் தொழில் ட்ரெயினிங்குக்கு எலெக்ட்ரிக்கல்னா ஜாம்நகர்ல வல்சுரா, இன்ஜின் பக்கம்னா லோனாவாலாவுல சிவாஜி, லாஜிஸ்டிக்ஸ்னா மும்பைல ஹம்லான்னு ஏதாவது ஒரு நேவி ட்ரெயினிங் சென்டர்ல போட்டுருவாங்க. அப்புறம் கப்பல். அங்க இருந்து லீவுக்கு வர்றதுக்கு டிக்கெட், ஒரு நல்ல ஷூ, கூட்டாளிங்களோட வெளிய ஒரு நாள், இதுக்கெல்லாம் அம்மாகிட்ட கேட்டு நிக்கிற நிலைமைல பையன வைக்காதீங்க. சம்பாதிக்கிறது அவன்.

அதனால தான் அந்த ஏடிஎம் கார்டு, சிம் விஷயம் எனக்கு பிடிக்கல. ஓடிபி வீட்ல இருக்கிற போனுக்கு வருது, யார் வேணா எடுத்து ஜீபே போட்டுரலாம், நாளைக்கு ஒரு சண்டை வந்தா யார் எடுத்தான்னு கணக்கு இருக்காது. இப்போதைக்கு நீங்க ஒருத்தர் மட்டும் வச்சுக்கங்க, பின் நம்பர் வேற யாருக்கும் தெரிய வேண்டாம், எடுத்ததெல்லாம் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. முதல் லீவுல வந்ததும் அவன் பேங்குக்கு போய் உங்க கணக்குக்கு மாசம் இவ்வளவுன்னு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துட்டு கார்டயும் சிம்மயும் எடுத்துட்டு போகட்டும். சம்பள கணக்கா மாத்துறது, நாமினில யார் பேர் இருக்குன்னு பாக்குறது, பான் ஆதார் லிங்க், எல்லாம் அதே நாள்ல முடிச்சிரலாம். நாமினிய நேவி ரெக்கார்டுலயும் ஒரு தடவ சரி பாக்க சொல்லுங்க, பேர் ஸ்பெல்லிங் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கணும், உங்க இனிஷியல் உட்பட.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் யாராவது வருவாங்க, கண்டிப்பா வருவாங்க. இருபது வருஷம் பிரீமியம் கட்டுற எண்டோவ்மென்ட் பாலிசி நீட்டுவாங்க. அதுவும் அந்த பிளாட் கதை தான். வேலை பாக்குற நாலு வருஷமும் அவனுக்கு 48 லட்சம் ஆயுள் காப்பீடு இருக்கு, அதுக்கு அவன் சம்பளத்துல ஒரு ரூபாய் பிடிக்கிறதில்ல. உங்க வீட்ல பாலிசி இல்லாம இருக்கிறது பிரஸ்ல மெஷின் பக்கத்துல நிக்கிற உங்க வீட்டுக்காரருக்கு தான். பிரஸ்ல இஎஸ்ஐ பிடிக்கிறாங்களான்னு கேளுங்க. பையன் நேவில இருக்கான்னா எங்களுக்கும் ஆஸ்பத்திரி ஃப்ரீன்னு நினைச்சுராதீங்க, அக்னிவீர் விதில மிலிட்டரி ஆஸ்பத்திரி, கேன்டீன் வசதி எல்லாம் அவனுக்கு, அதுவும் வேலைல இருக்கிற வரைக்கும்னு தான் இருக்கு. முதல்வர் காப்பீட்டு திட்ட கார்டு இருந்தா பத்திரமா வச்சுக்கங்க, இல்லன்னா மாசம் வீட்டுக்குன்னு வர்ற அந்த 3,000ல இருந்து உங்க ரெண்டு பேருக்கும் ஒரு சின்ன ஹெல்த் பாலிசிக்கு ஒதுக்குங்க.

இன்னொன்னு, போன்ல ஏமாத்துறவங்க. "உங்க பையன் ட்ரெயினிங்ல விழுந்துட்டான், ஆபரேஷன், உடனே 40,000 போடுங்க", இல்லன்னா "சென்னைலயே போஸ்டிங் வாங்கி தர்றேன்". சர்வீஸ்ல இருக்கிற பையனுக்கு வைத்தியம் பாக்க பெத்தவங்ககிட்ட யாரும் காசு கேக்க மாட்டாங்க, போஸ்டிங் விலைக்கு கிடைக்காது. போனை வச்சுட்டு பையன் கொடுத்த நம்பருக்கு நீங்களா கூப்பிட்டு கேளுங்க. காசு போயிருச்சுன்னா அடுத்த நிமிஷமே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க.

பாஸிங் அவுட் பரேடுக்கு நீங்க ரெண்டு பேரும் போகணும்னு நினைச்சா அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன், அது ஒரு தடவ தான். 2023 மார்ச்ல அக்னிவீர் முதல் பேட்ச்ல 2,500 பேருக்கு மேல சில்காவுல அணிவகுத்தாங்க, அதுல பொண்ணுங்களும் இருந்தாங்க. பக்கத்து ஸ்டேஷன் பாலுகான், சென்னை ஹவுரா லைன்ல இருக்கு. ரயில் முன்பதிவு இப்போ 60 நாள் முன்னாடி தான் திறக்குது, அதனால தேதி தெரிஞ்ச உடனே ஸ்லீப்பர் போட்டுருங்க, தட்கலுக்கு காத்திருந்தா செலவு ஏறிரும். மாசம் 1,500 தனியா எடுத்து வச்சா போதும், திரும்பவும் அடகு கடைக்கு போகாதீங்க.

நாலு வருஷத்துக்கு அப்புறம் என்னங்கிறத அவன் தான் யோசிக்கணும், ஆனா காதுல போட்டு வைங்க. இக்னோங்கிற திறந்தநிலை பல்கலைக்கழகம் மூலமா வேலைல இருந்துகிட்டே டிகிரி படிக்கலாம், அவன் நேவில கத்துக்கிற தொழிலுக்கே பாதி கிரெடிட் கிடைக்கும். துணை ராணுவம், கோஸ்ட் கார்டு இதுலயெல்லாம் 10 சதவீத ஒதுக்கீடு 2022லயே அறிவிச்சாங்க, மெர்ச்சன்ட் நேவிக்கு போறதுக்கும் தனி வழி வச்சிருக்காங்க. அங்க சம்பளம் நல்லா இருக்கும், ஆனா சேர கோர்ஸ் ஃபீஸ் ஆகும். அந்த ஆர்டி அதுக்கு தான்.

பிளாட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் ஏதாவது கொடுத்தாச்சான்னு நீங்க எழுதல. கொடுத்திருந்தா ரசீதோட உங்க தம்பியையே கூட்டிட்டு போய் இந்த வாரமே திருப்பி கேளுங்க, அக்ரிமென்ட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடின்னா கேக்குறது சுலபம். கொஞ்சம் பிடிச்சுட்டு கொடுத்தாலும் வாங்கிட்டு வந்துருங்க.