ஒத்திகையில் ஒட்டுத்தாடி: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: மதுரை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் காவல்துறை பயங்கரவாதத் தடுப்பு ஒத்திகை நடத்தியது. பயங்கரவாதிகளாக நடித்த மூன்று காவலர்களும் ஒட்டுத்தாடியும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து, பொம்மைத் துப்பாக்கியால் 'சுட்டபடி' தக்பீர் ('அல்லாஹு அக்பர்') முழங்கினார்கள். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. லுஹர் (நண்பகல்) தொழுகை முடித்து மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பிய எங்கள் அத்தாவை (தந்தை, வயது 71), நான்காவது பயங்கரவாதி என்று எண்ணி ஒரு இளைஞர் சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். முழங்கை கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஒத்திகை என்று தெரிந்ததும் அந்த இளைஞரே தண்ணீர் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். காவல் நிலையத்தில் முறையிட்டபோது, "நிஜம் போல இருந்தால்தானே பயிற்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒத்திகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வேடம்தான் உறுத்துகிறது. வழக்குப் போட முடியுமா?

பதில்: குற்ற வழக்கு வேண்டாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசுக்கு ஆணையிடும்படி கேட்கும் மனு) போடலாம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

முதலில் அந்த "நிஜம் போல" என்ற பதிலைப் பார்ப்போம். உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒத்திகை நிஜம் போல இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நம் கடற்கரைகளில் 'சாகர் கவச்' ஒத்திகை நடக்கிறது. காவலர்கள் டம்மி வெடிகுண்டுடன் ஊடுருவ முயல்வார்கள். சோதனைச் சாவடியில் இருப்பவர்கள் அவர்களைப் பிடித்தாக வேண்டும். அங்கே சோதிக்கப்படுவது படகு, பை, அடையாள அட்டை, சாவடிக்காரரின் கண். பேருந்து நிலையத்திலும் அப்படித்தான். எத்தனை நிமிடத்தில் சுற்றி வளைத்தார்கள், எந்த வாசலை அடைத்தார்கள், 108 ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வந்தது, கூட்டத்தை யார் வெளியேற்றினார்கள் என்பவைதான் நிஜமாக இருக்க வேண்டியவை. ஒட்டுத்தாடியை எடுத்துவிட்டால் இவற்றில் எது குறையும்?

வேடம் அங்கே செய்தது வேறு வேலை. சந்தேகப்பட வேண்டியது பையை அல்ல, தொப்பியை என்று கூடியிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. பாடம் உடனே பலித்து, உங்கள் அத்தாவின் சட்டையைப் பிடித்தது. ஒத்திகையாகப் பார்த்தாலும் இது தோல்விதான்.

இந்தத் தவறு நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. 2016 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு பெரிய வணிக வளாகத்தில் சுமார் 800 தன்னார்வலர்களுடன் இரவில் ஒத்திகை நடந்தது. தற்கொலைப் படையாளாக நடித்தவர் தக்பீர் சொன்னார். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்நகரக் காவல்துறை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டே, 2017 மே 22 அன்று, அதே நகரில் நிஜமாகவே குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். "பார்த்தீர்களா, ஒத்திகை சரியாகத்தானே இருந்தது" என்று வாதிடுபவர்கள் உண்டு. அரசு வழக்கறிஞரும் உங்களிடம் இதைச் சொல்லக்கூடும். சொன்னால், அன்றிரவு தீயணைப்புப் படை சம்பவ இடத்துக்கு வந்துசேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பின்னர் நடந்த விசாரணைகளில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது துறைகளுக்கிடையே தகவல் போகாததுதான். முழக்கத்தை எவ்வளவு தத்ரூபமாக ஒத்திகை பார்த்திருந்தாலும் அந்த இரண்டு மணி நேரம் குறைந்திருக்காது.

இந்தியாவிலும் முன்னுதாரணம் இருக்கிறது. 2015 தொடக்கத்தில் சூரத்தில் நடந்த இதே போன்ற தொப்பி வேட ஒத்திகை சர்ச்சையானபோது, அன்றைய குஜராத் முதல்வர் ஆனந்திபென் படேலே அது தவறு என்றார். நீதிமன்றத்தில் நமக்கு அதைவிடப் பயன்படுவது மகாராஷ்டிரத்தில் எழுந்த வழக்கு. ஒத்திகைகளில் பயங்கரவாதிகளை ஒரு குறிப்பிட்ட சமூகத்தவராகச் சித்திரிக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை 2023 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. மதுரைக் கிளையை அது கட்டுப்படுத்தாது. ஆனால் நீதிபதி முன் வைக்கத் தகுந்த, வலுவான வழிகாட்டி.

குற்ற வழக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 196 (பகைமை வளர்த்தல்), 299 (மத உணர்வைப் புண்படுத்துதல்) ஆகிய பிரிவுகளைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். 299-க்கு வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு செய்ததாக நிரூபிக்க வேண்டும். 196-க்கும் நோக்கம்தான் அடிப்படை. அசட்டையும் அறியாமையும் தீய நோக்கம் ஆகிவிடாது. நிரூபித்தாலும், அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் இந்தக் குற்றங்களை விசாரணைக்கு எடுக்க முடியாது. நடித்தவர்கள் பணியில் இருந்த காவலர்கள் என்பதால் அதற்குத் தனி அனுமதிக் கேள்வியும் எழும். வருடங்கள் ஓடிவிடும்.

தள்ளிய இளைஞர் மீது அதே சட்டத்தின் 115 (காயப்படுத்துதல்), 126 (முறையின்றித் தடுத்தல்) பிரிவுகளில் புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அவர் உண்மை நிலையைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று 17-ஆம் பிரிவின் நிழலில் ஒதுங்கப் பார்ப்பார். என்னைக் கேட்டால், அவரை எதிரியாக்காதீர்கள். "அந்த வேடத்தைப் பார்த்ததால்தான் இவரைப் பிடித்தேன்" என்று அவர் கொடுக்கும் ஒரு பிரமாண வாக்குமூலம் உங்கள் ரிட் மனுவுக்குப் பத்து ஆவணங்களுக்குச் சமம்.

இனிச் செய்ய வேண்டியது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் சென்னையில் டிஜிபிக்கும் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் மனு அனுப்புங்கள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, இரண்டே கோரிக்கை வையுங்கள். ஒன்று, எழுத்துமூலமான வருத்தம். இன்னொன்று, இனி ஒத்திகைகளில் மத, சாதி அடையாளமோ முழக்கமோ கூடாது, பொது இடமென்றால் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை. பேருந்து நிலையக் கண்காணிப்புக் கேமரா பதிவைப் பாதுகாத்துவைக்கும்படி தனியாக ஒரு கடிதம், இன்றைக்கே. பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறி அழிந்துவிடும். ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனுவும் போடுங்கள். எத்தனை கமாண்டோக்கள், எந்த வாசல் என்றெல்லாம் கேட்டால் 8-ஆம் பிரிவைக் (தகவல் தர விலக்கு) காட்டி நிராகரிப்பார்கள், அது நியாயமும்கூட. நடித்தவர்களின் உடை, முழக்கம் பற்றி எழுத்துமூலமான உத்தரவு உண்டா, அதை யார் அங்கீகரித்தார், ஒத்திகைக்குப் பிந்தைய மதிப்பீட்டில் பொதுமக்கள் காயம் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

மனுவுக்குப் பதில் இல்லை அல்லது மறுப்பு வந்தது என்றால் அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட். முதலில் கேட்டு மறுக்கப்பட்டிருந்தால்தான் ஆணை கோரும் ரிட் நிற்கும். மேலே சொன்ன மனுக்கள் அதற்காகத்தான். ஒத்திகைக்குத் தடை கேட்காதீர்கள். கேட்டால் தேசப் பாதுகாப்பு என்ற ஒரே வார்த்தையில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். அரசியல் சட்டத்தின் 14 (சமத்துவம்), 15 (பாகுபாடு கூடாது), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்) ஆகிய பிரிவுகளை முன்வைத்து வழிகாட்டு நெறிகள் மட்டும் கேளுங்கள். அரசின் நடவடிக்கை ஒருவரின் உரிமையைத் தொட்டால், நோக்கத்துக்கு அது அவசியமா, அளவு மீறியதா என்று நீதிமன்றம் பார்க்கும். தாடி அவசியமா என்ற கேள்விக்கு அவர்களிடம் நல்ல பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அத்தாவின் காயத்துக்கு இழப்பீடு கோர மாநில மனித உரிமைகள் ஆணையம் செலவில்லாத வழி. சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அந்த ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-இல் சொல்லியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. உங்களிடம் கைபேசிக் காணொளி இருந்தால், கோபத்தில் வாசகம் சேர்த்து வாட்ஸ்அப் குழுக்களில் விடாதீர்கள். நியாய சன்ஹிதாவின் 196-உம் 353-உம் (பொது அமைதியைக் குலைக்கும் தகவல் பரப்புதல்) உங்கள் பக்கம் திரும்பும். படமெடுத்த கைபேசியை மாற்றாமல், விற்காமல் வைத்திருங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழுக்கு (மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கத் தேவையானது) அது வேண்டும். தையல் போட்ட மருத்துவமனைச் சீட்டையும் மருந்துக்கடை ரசீதையும் தேடி எடுங்கள். ரசீதில் நேரம் அச்சாகியிருக்கும். அன்று அந்த இடத்தில் அத்தா எதற்காக நின்றார் என்பதை அந்தத் துண்டுக் காகிதம் சொல்லும்.