முதல் கிட்டார் பதிவு: மைக் வாங்கும் முன் அறையைக் கவனியுங்கள்

கேள்வி: இரண்டு வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் பழகுகிறேன். ஒரு பாட்டை முழுசாக வாசிக்க வந்துவிட்டது. நண்பர்களுக்கு அனுப்பலாம் என்று ஃபோனில் பதிவு செய்தால், தகர டப்பாவுக்குள் வாசித்த மாதிரி கேட்கிறது. வேகமாக ஸ்ட்ரம் செய்யும் இடத்தில் சத்தம் அமுங்கிப் போய், பிறகு மெல்ல மேலே வருகிறது. மைக் வாங்கியே ஆக வேண்டுமா? எதில் பகிர்வது?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளில் ஒன்று உங்கள் அறையிலிருந்து வருகிறது, மற்றொன்று ஃபோனின் அமைப்பிலிருந்து. விலை உயர்ந்த மைக்கை வைத்தாலும் அறையின் குறை அப்படியே பதிவாகும். இன்னும் துல்லியமாகவே பதிவாகும்.

சத்தம் அமுங்கி எழுவதை முதலில் பார்ப்போம். ஃபோனில் கூடவே வரும் ரெக்கார்டர் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சத்தம் கூடினால் தானே குறைக்கும், குறைந்தால் தானே ஏற்றும். நீங்கள் ஓங்கி ஸ்ட்ரம் செய்ததும் அளவை இறக்கிவிட்டு, பிறகு மெதுவாகத் திரும்ப ஏற்றுகிறது. அதோடு இரைச்சல் நீக்கியும் சேர்ந்து வேலை செய்யும். மெல்லத் தேய்ந்து அடங்கும் கிட்டார் ஒலியைப் பின்னணி இரைச்சல் என்று எண்ணி வாலை நறுக்கிவிடும். இந்த இரண்டையும் அணைக்க வழியுள்ள ரெக்கார்டர் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அளவைக் கையால் வைக்க முடிய வேண்டும், வேவ் (ஒலியைச் சுருக்காத) கோப்பாக 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் சேமிக்க முடிய வேண்டும். ஐஃபோனில் வாய்ஸ் மெமோஸ் பயன்படுத்துவதாக இருந்தால், அமைப்புகளில் ஒலித்தரத்தை ‘லாஸ்லெஸ்’ (தரம் இழக்காதது) என்று மாற்றுங்கள்.

பாட்டில் எந்த இடத்தில் மிக ஓங்கி வாசிப்பீர்களோ, அந்த இடத்தை வாசித்துக்கொண்டே அளவை வையுங்கள். மீட்டரின் உச்சம் −12க்கும் −6 டெசிபலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும், அந்தக் கரகரப்பை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. சத்தம் குறைவாகப் பதிவானால் கவலையில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இனி அறை. நடுவில் நின்று ஒரு முறை ஓங்கிக் கை தட்டுங்கள். தட்டலுக்குப் பின்னால் ‘டிர்ர்ர்’ என்று ஒரு சிறு அதிர்வு கேட்டால், எதிரெதிரே இருக்கும் வெற்றுச் சுவர்களுக்கு நடுவே ஒலி ஓடி விளையாடுகிறது என்று பொருள். டைல்ஸ் தரையும் பூசிய சுவருமாக இருக்கும் நம் வீடுகளில் இது பெரும்பாலும் இருக்கும். டப்பா ஒலிக்கு இதுதான் பெரிய காரணம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வையுங்கள், மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். கிட்டாருக்கு எதிரே இருக்கும் சுவரும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரும்தான் முக்கியம். முட்டை அட்டைகளை ஒட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை: மேல்ஸ்தாயியைச் சற்றே மங்கச் செய்யும், கீழ்ஸ்தாயியை ஒன்றும் செய்யாது.

உட்காரும் இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 10க்கு 10 அடி அறையில் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸிலும், அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸிலும் ஒலி தேங்கி நிற்கும். கிட்டாரின் ஐந்தாவது தந்தியைத் திறந்து மீட்டினால் வருவது 110 ஹெர்ட்ஸ். அதனால்தான் அந்த ஒரு தந்தி மட்டும் உங்கள் அறையில் ‘பூம்’ என்று புடைத்துக்கொண்டு கேட்கும். இந்தப் புடைப்பு அறையின் சரி நடுவிலும் சுவரோரங்களிலும் அதிகம், மூலையில் மிக அதிகம். ஏதாவது ஒரு சுவரிலிருந்து சுமார் 3 அடி தள்ளி உட்காருங்கள். ஒரு நாற்காலியை நகர்த்துவதில் கிடைக்கும் இந்த வித்தியாசம், பிறகு ஈக்வலைசரில் (ஒலியின் கீழ், மேல் ஸ்தாயிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) மணிக்கணக்காகத் திருகினாலும் கிடைக்காது.

ஃபேனை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜ் பக்கத்து அறையில் இருந்தாலும் அந்தப் பதினைந்து நிமிடம் அணைத்து வைக்கலாம், மறக்காமல் திரும்பப் போடுங்கள். உங்கள் காது அந்த இரைச்சலுக்குப் பழகிவிட்டது, மைக் பழகாது. ஃபோனை விமானப் பயன்முறையில் போடுங்கள். ஏசி அறையில் பதிவு செய்வதானால், கிட்டாரை அரை மணி நேரம் முன்பே உள்ளே கொண்டுபோய் வைத்து, பிறகு சுருதி சேருங்கள். வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் மரமும் தந்தியும் சேர்ந்து நகரும்.

ஃபோனை எங்கே வைப்பது? பெரும்பாலானவர்கள் சவுண்ட் ஹோலுக்கு நேராக வைக்கிறார்கள். கூடாது. பெரிய உடல் கொண்ட கிட்டாரில் அந்தத் துளையின் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் அதிரும். அங்கே வைத்தால் கீழ்ஸ்தாயி மட்டும் ஊதிப் பெருத்துப் பதிவாகும். கழுத்தின் 12ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே, ஒரு அடி தள்ளி வையுங்கள். பெரும்பாலான ஃபோன்களில் முக்கியமான மைக் கீழ் விளிம்பில், சார்ஜர் செருகும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. அந்த விளிம்பு கிட்டாரைப் பார்க்க வேண்டும். நாலைந்து புத்தகத்தை அடுக்கி, மேலே மடித்த துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் வையுங்கள். துண்டு இல்லாவிட்டால் நீங்கள் காலால் தாளம் போடும் ஒவ்வொரு தட்டும் மேஜை வழியாக ஏறி ‘தொம் தொம்’ என்று விழும்.

இந்த இடத்தில் 15 விநாடி பதிவு செய்யுங்கள். பிறகு பிரிட்ஜுக்கு (உடலின் மேல் தந்திகளைக் கட்டியிருக்கும் கட்டை) பின்புறமுள்ள அகன்ற பகுதிக்கு எதிரே ஒன்று, உங்கள் வலது தோளுக்கு மேலிருந்து கிட்டாரை நோக்கி ஒன்று. மூன்றையும் ஹெட்போனில் கேளுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம். பிரிட்ஜ் பக்கம் கனமாகவும், தோள் பக்கம் நீங்கள் வாசிக்கும்போது கேட்பதற்கு நெருக்கமாகவும் இருக்கும். கூடவே பாடுவதாக இருந்தால் ஃபோனை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, ஒன்றரை அடி தள்ளி வைத்து, குரலுக்கும் கிட்டாருக்கும் சமநிலை வரும்வரை மேலும் கீழுமாக நகர்த்திப் பாருங்கள். ஒரே மைக்கில் பதிவான இரண்டையும் பிறகு சுத்தமாகப் பிரிப்பது கடினம்.

ஸ்ட்ரிங் பழசாகிக் கறுத்திருந்தால் பதிவுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு மாற்றுங்கள், அன்றே மாற்ற வேண்டாம். புதுத் தந்தி இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும், விரல் நகரும் கிறீச்சொலியும் கூடுதலாக இருக்கும். சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். ஏறிவிட்டால் இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். கேபோ (கழுத்தில் எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் போட்ட பிறகு இன்னொரு தரம் டியூனரில் பாருங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு முறை வாசித்துப் பதிவதற்கும்) முன்பு இதைச் செய்ய வேண்டும். சட்டை பட்டன் கிட்டாரின் பின்புறத்தில் உரசுவதும் வாட்சும் நாற்காலியின் முனகலும் மூச்சும் எல்லாம் பதிவில் கேட்கும்.

மெட்ரோனோமை (சீரான வேகத்துக்குத் தாளம் தட்டும் செயலி) இயர்போனில் ஒரு காதில் மட்டும் வைத்து, நீங்கள் தடுமாறாமல் வாசிக்கும் வேகத்தைவிட கொஞ்சம் குறைத்து வையுங்கள். பதிவுப் பொத்தானை அழுத்தியதும் பத்து விநாடி அசையாமல் இருங்கள். வெற்று அறையின் அந்தச் சத்தம் பிறகு உதவும். கடைசி ஸ்வரம் முழுதாக அடங்கும்வரை கையை எடுக்க வேண்டாம். நடுவில் தவறினால் நிறுத்தாமல், அந்த வரியை ஒரு வரி முன்னாலிருந்து வாசித்துத் தொடருங்கள். ஒரே வேகத்தில் இருந்தால் வெட்டி ஒட்டலாம். நாலைந்து டேக் போதும், அதற்கு மேல் விரலும் காதும் தளர்ந்துவிடும்.

கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் மீதி வேலை. அந்தப் பத்து விநாடி வெற்றுச் சத்தத்தை மாதிரியாகக் காட்டி இரைச்சலைக் குறையுங்கள், ஆனால் 6 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள். போனால் கிட்டார் தண்ணீருக்கடியில் குமிழியிடுவது போலாகும். 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டலாம். கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 82 ஹெர்ட்ஸ், அதனால் இழப்பில்லை. இன்னும் புடைப்பு இருந்தால் 110லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை தேடி, 2 அல்லது 3 டெசிபல் இறக்குங்கள். ரிவெர்ப் (அறையின் எதிரொலி போன்ற விளைவு) சேர்க்கும்போது ‘இருக்கிறது’ என்று தெரியும் அளவுக்கு ஏற்றி, அதில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கடைசியாக மொத்தச் சத்தத்தை −16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்கு ஏற்றி, உச்சம் −1 டெசிபலைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் போடுங்கள். மிகச் சத்தமானதை யூடியூப் தானே குறைக்கும், மெலிந்ததை ஏற்றித் தராது. அப்படியே விட்டால் உங்கள் கிட்டார் மட்டும் சோனியாகக் கேட்கும். ஏற்றுமதி செய்த கோப்பை இரண்டு காதிலும் ஹெட்போன் போட்டு ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஒற்றைக் காதில் மட்டும் ஒலித்தால் தடத்தை மோனோவாக (இரண்டு காதிலும் ஒரே ஒலி) மாற்ற வேண்டும்.

இதெல்லாம் செய்து நாலைந்து பதிவு முடித்த பிறகும் மைக் வேண்டுமென்று தோன்றினால், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒரு கண்டென்சர் மைக்கும் வாங்குங்கள். அந்த மைக் இயங்க மின்சாரம் வேண்டும், அதனால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பேன்டம் பவர் இருக்க வேண்டும். கிட்டாரின் பிக்கப்பிலிருந்து நேராக வயர் செருகிப் பதிவு செய்வது சுலபம்தான். ஆனால் பீசோ பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் உணரி) தரும் பிளாஸ்டிக் ஒலி தனிக் கிட்டாருக்குப் பொருந்தாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வாய்ஸ் நோட்டாக மறுபடி பதிவு செய்யாதீர்கள். எம்பி3 கோப்பை ‘டாக்குமென்ட்’ என்று இணைத்தால் தரம் மாறாமல் போய்ச் சேரும். யூடியூபுக்கு ஒரு படத்தை வைத்து வீடியோவாக்கினாலே போதும். முதல் முறை ‘அன்லிஸ்டட்’ (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) என்று வைத்து இணைப்பை நாலைந்து பேருக்கு மட்டும் அனுப்பலாம். விரல்கள் தெரிய வீடியோ எடுப்பதானால், ஒலியை இன்னொரு ஃபோனில் பதிவு செய்து, தொடக்கத்தில் ஒரு கைத்தட்டலை வைத்து இரண்டையும் பொருத்துங்கள்.

சினிமாப் பாட்டை நீங்களே வாசித்தாலும் மெட்டின் உரிமை உங்களுடையதாகாது. யூடியூபில் உரிமைக் கோரல் வரலாம். பெரும்பாலும் வீடியோ இருக்கும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். சில நேரம் முடக்கவும் படும். இந்தியச் சட்டப்படி படைத்தவரின் ஆயுளோடு மேலும் 60 ஆண்டுக்கு உரிமை உண்டு. ஆகவே 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளையும், 1909இல் மறைந்த ஸ்பானிய கிட்டார் மேதை தார்ரெகாவின் படைப்புகளையும் தயங்காமல் வாசித்துப் பகிரலாம். இன்னொருவர் சமீபத்தில் எழுதிய கிட்டார் வடிவத்தை எடுத்தாண்டால் மட்டும் அவரிடம் அனுமதி கேளுங்கள், பெயரையும் போடுங்கள்.

பதிவோடு ட்யூனிங், கேபோ எந்த ஃப்ரெட்டில், ஸ்ட்ரிங் அளவு, எதில் பதிவு செய்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். ‘தப்பு இருந்தால் மன்னிக்கவும்’ என்று எழுத வேண்டாம். கேட்பவர் தப்பையே தேட ஆரம்பிப்பார். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்றுதான் பதில் வரும். ‘சரணத்தில் வேகம் ஏறுகிறதா?’, ‘மெலடி கீழ்ஸ்தாயிக்குள் மூழ்குகிறதா?’ என்று இடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கேட்பவர்களில் ஒருவராவது கிட்டார் வாசிப்பவராக இருக்கட்டும்.