டெட்லைன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குழுவில் ஒரு செய்தி சுற்றிவந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, கொடுத்த வேலையைக் குறித்த நேரத்துக்குள் முடிக்காத கைதிகளைச் சுட்டுக் கொன்றார்களாம். 'டெட்லைன்' என்ற சொல் அதிலிருந்துதான் வந்ததாம். உண்மையா? ஒரு நாளைக்குப் பத்துமுறை சொல்கிற சொல் இது. படித்ததிலிருந்து உறுத்துகிறது. வேறு சொல்லுக்கு மாறிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போர் உண்மை, கைதிகள் உண்மை, சுட்டதும் உண்மை. வேலையும் நேரமும்தான் பிற்பாடு யாரோ ஒட்டவைத்தவை.

1864 பிப்ரவரியில், அந்தப் போரில் அமெரிக்காவிலிருந்து பிரிந்து நின்று போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பு, ஜார்ஜியாவில் உள்ள ஆண்டர்சன்வில்லில் ஒரு போர்க்கைதி முகாமைத் திறந்தது. சுற்றிலும் மரத்தூண்களை நெருக்கி நட்ட உயரமான அரண். அதற்கு உட்புறம் ஏறத்தாழ 6 மீட்டர் தள்ளி, சிறு கம்புகளின்மேல் மரச்சட்டங்களை அடித்து ஓர் எல்லை. கைதிகள் அரணை நெருங்கி ஏறவோ தோண்டவோ கூடாது என்பதற்காக. அதைத் தொட்டாலே மேலே நிற்கும் காவலன் சுடலாம். இதற்குப் பெயர்தான் 'டெட் லைன்', இரண்டு சொல்லாக. கடிகாரத்துக்கு இங்கே வேலையே இல்லை.

அந்த முகாமில் அடைபட்டவர்கள் சுமார் 45,000 பேர். 13,000 பேர் அளவுக்கு இறந்தார்கள், பெரும்பாலும் பட்டினியாலும் வயிற்றுக்கடுப்பாலும், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயாலும். கோட்டருகே சுடப்பட்டவர்கள் இதில் மிகச் சொற்பம். ஆனால் போர் முடிந்து முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸை விசாரித்தபோது, அந்தக் கோடு குற்றப்பத்திரிகையிலேயே ஏறியது. பல இடங்களில் அது வெறும் கற்பனைக் கோடு என்றது அந்தப் பத்திரிகை. மரச்சட்டங்கள் இருந்த இடங்களிலும் அவை நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தனவாம். எங்கே இருக்கிறது என்று தெரியாத எல்லையை மீறினாலும் குண்டு. விர்ஸை 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டார்கள். (விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய லூ வாலஸ் பின்னாளில் நாவலாசிரியராகப் பெரும்புகழ் பெற்றார். சொல்லாராய்ச்சியில் இறங்கினால் இப்படி யாராவது குறுக்கே வந்துகொண்டே இருப்பார்கள்.)

இதன்பின் சொல்லின் கொடூரம் மெல்லக் குறைகிறது. 1880களில் நியூயார்க் காவல் அதிகாரி தாமஸ் பர்ன்ஸ், ஃபுல்டன் தெருவை ஒரு 'டெட் லைன்' ஆக்கினார். பேர்போன திருடர்கள் அதற்குத் தெற்கே, வங்கிகள் நிறைந்த வால் ஸ்ட்ரீட் பக்கம் தலைகாட்டினால் உடனே கைது. சாவு போய்விட்டது, தடை மட்டும் மிச்சம். அச்சுக்கூடங்களிலும் இதே பெயரில் ஒரு கோடு இருந்தது. அச்சு எந்திரத்தின் படுகையில் அதைத் தாண்டி எழுத்தை அடுக்கினால் தாளில் சரியாக விழாது.

நேரம் என்ற பொருள் அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. இன்ன மணிக்குப் பின் வரும் செய்தி அந்தப் பதிப்பில் ஏறாது. 1920இல் பத்திரிகை உலகைப் பற்றி வந்த ஒரு மௌனப் படத்தின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அச்சுக்கூடத்துக் கோடுதான் பக்கத்து அறையில் நேரக்கோடாகியிருக்க வேண்டும் என்பது என் சாய்வு. நேரடிச் சான்று கிடையாது. ஆனால் சிறையிலிருந்து நேரே செய்தி அறைக்குத் தாவியது என்பதைவிட இது நம்பும்படி இருக்கிறது.

இந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பழைய கோடு அசையாது, விலகி நின்றால் பிழைத்தோம். இன்றைய கோடு, நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. 'டெட்லைனைத் தள்ளிப்போடுங்கள்' என்று கேட்கவும் முடிகிறது. ஆண்டர்சன்வில் கைதிக்கு இந்த வாக்கியமே புரிந்திருக்காது.

உறுத்தலைப் பற்றி: வேண்டாம். சொல்பவர் மனதிலும் கேட்பவர் மனதிலும் இல்லாத பொருள் அந்தச் சொல்லில் இல்லை. ஆனால் அதை மலிவாக்க வேண்டியதும் இல்லை. நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தரும் நாளை ஆங்கிலத்தில் டெட்லைன் என்பதில்லை, 'டியூ டேட்' என்பார்கள். தாண்டினால் வாய்ப்பே போய்விடும் என்ற இடத்துக்குத்தான் டெட்லைன் பொருந்தும். தமிழிலும் 'கடைசி நாள்' என்பதற்கும் 'கெடு' என்பதற்கும் இதே போன்ற வித்தியாசம் உண்டு. உங்கள் அலுவலகத்தில் பத்துமுறை சொல்லப்படும் டெட்லைன்களில் குறைந்தது எட்டு வெறும் கடைசி நாளாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.