அப்பா குடித்தால் பிள்ளையும் குடிப்பானா?

கேள்வி: குடிப்பழக்கம் மரபணுவிலேயே இருக்கிறது என்கிறார்கள். குடிநோயாளியின் பிள்ளை குடித்தே தீருவானா?

பதில்: இல்லை. இரட்டையர் ஆய்வுகள் குடிநோயில் மரபின் பங்கைச் சுமார் 50 சதவீதம் என்கின்றன. அது மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. உங்கள் பிள்ளைக்குப் பாதி வாய்ப்பு என்று பொருளல்ல. படித்தவர்களே இதில் குழம்புகிறார்கள்.

ஜப்பானைப் பாருங்கள். கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றும். அதை ஏஎல்டிஹெச்2 என்ற நொதி அசிட்டேட்டாக்கும். இந்த நொதியை உருவாக்கும் மரபணு 12ஆம் குரோமோசோமில் உள்ளது; கிழக்காசியர் பலருக்கு அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. நொதி முடங்கி நச்சு தேங்கும். கொஞ்சம் பீருக்கே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையும் இந்த நொதியைத்தான் முடக்குகிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தவர்கள் குடிநோயாளி ஆவது மிக அரிது. மாறிய பிரதி ஒன்று மட்டும் உள்ளவர்கள்? ஜப்பானியக் குடிநோயாளிகளில் இவர்களின் பங்கு 1979இல் 2.5 சதவீதம், 1986இல் 8, 1992இல் 13. பதின்மூன்று ஆண்டில் ஒரு நாட்டின் மரபணு மாறாது. குடிக்கும் சூழல்தான் மாறும். வேலை முடிந்து மேலதிகாரியோடு உட்காரும்போது ‘வேண்டாம்’ என்பது அங்கே எளிதல்ல.

சிவப்பை மறைக்க அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு குடிப்பவர்களும் உண்டு. சிவப்பு அடங்கும், நச்சு அடங்காது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் இவர்களுக்கு அதிகம்.

உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது: முதல் குடி எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு நல்லது. நாலு பெக் போட்டும் தள்ளாடாதவனை ‘கெட்டிக்காரன்’ என்பார்கள்; அதிக அபாயம் அவனுக்குத்தான்.