குறைமாதக் குழந்தைக்கு நவீனக் கருவிகள் இருந்தால் போதாதா? செவிலியரின் அறிவு ஏன் அவ்வளவு முக்கியம்?

அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ 32 வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தையைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரும் குடும்பத்தினருக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. போதாது என்பதே என் பதில்.

கட்டைவிரல் அளவேயுள்ள பாதத்தில் சுற்றிய, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 99 என்று காட்டினால் நாம் மகிழ்வோம். ஆனால், ஆக்சிஜன் செலுத்தப்படும் குறைமாதக் குழந்தைக்கு அந்த அளவு ஏறத்தாழ 90 முதல் 95 விழுக்காட்டுக்குள் இருப்பதே நல்லது என்றும், மிகுதியான ஆக்சிஜன் விழித்திரையின் வளரும் இரத்தக் குழாய்களைப் பாதித்துப் பார்வையையே பறிக்கக்கூடும் என்றும் அறிந்த செவிலியர், உடனே அதைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்குவார். எண் திடீரென 80க்கு இறங்கி அலாரம் ஒலித்தால், அவர் முதலில் பார்ப்பது குழந்தையின் நிறத்தையும் மூச்சையும்தான். பாதம் குளிர்ந்திருக்கிறதா, சென்சார் நழுவியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகே.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு பராமரிப்புக்குக் கருவியே வேண்டாம். எனினும், தாயின் மார்போடு குழந்தையை அணைத்து வைக்கையில் கழுத்து மடங்கி மூச்சு தடைபடாதவாறு கற்றுத்தருவது செவிலியரே. (தந்தையும் பாட்டியும்கூட இப்படி அணைத்துக்கொள்ளலாம்.)

வீடு திரும்பும் முன், விழித்திரைப் பரிசோதனை எந்த நாளில் என்று செவிலியரிடம் தவறாமல் கேளுங்கள். பிறந்து நான்கு வாரங்களுக்குள் அது நடந்துவிட வேண்டும்.